அடுத்த மருந்து வரும் என்ற நம்பிக்கை

கனடாவின் மேற்குச் சமவெளியில் அறுவடை முடிந்து குளிர் இறங்கும் நாட்களில், கோஷியா என்ற களைச்செடி காய்ந்து அடித்தண்டோடு முறியும். பந்துபோல் திரண்ட அந்தச் செடியைக் காற்று உருட்டிக்கொண்டு போகும். ஒரு செடியில் சாதாரணமாக 15,000 விதைகளுக்கு மேல் இருக்கும். நெருக்கிப் பிடிக்கும் பயிர் இல்லாத இடத்தில் வளர்ந்த செடியென்றால் அதைப்போலப் பல மடங்கு. உருளும் வழியெல்லாம் விதை கொட்டும். தெற்கு ஆல்பர்ட்டாவிலும் சஸ்காட்சுவானிலும் பல தானியப் பண்ணைகளில் இன்று மாடு இல்லை. மாடு போனதும் வேலியும் போயிற்று. ஒருவர் நிலத்தில் தப்பிய களை ஒரே இரவுக் காற்றில் அடுத்தவர் நிலத்தைத் தாண்டி, அதற்கும் அடுத்தவர் நிலத்தில் போய்க் கிடக்கிறது.

ஆல்பர்ட்டாவில் 2012-ல் வயல் வயலாகக் கோஷியா விதை சேகரித்துச் சோதித்தபோது, கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளித்தும் சாகாத செடிகள் ஏறக்குறைய 5 சதவீத இடங்களில் இருந்தன. 2017-ல் அது 50 சதவீதம் ஆனது. 2021-ல் 78 சதவீதம். கிளைபோசேட் கைவிட்ட இடத்தில் விவசாயிகள் பிடித்துக்கொண்ட மருந்துகள் ஃபுளூராக்சிபிரும் டைக்காம்பாவும். 2021 கணக்கெடுப்பில் முதலாவதற்கு 44 சதவீத இடங்களிலும் இரண்டாவதற்கு 28 சதவீத இடங்களிலும் கோஷியா மசியவில்லை. களைக்கொல்லிகளை அவை செடியில் எந்த இடத்தைத் தாக்குகின்றன என்பதை வைத்துக் குழு எண் கொடுத்துப் பிரித்திருக்கிறார்கள். அதில் ‘இரண்டாம் குழு’ என்று பெயர் பெற்றவற்றுக்குச் சாகாத கோஷியா 1988-லேயே இந்தச் சமவெளியில் தலைகாட்டிவிட்டது. இன்று அந்தக் குழு மருந்து எதையும் கோஷியாவுக்காக யாரும் வாங்குவதில்லை.

இது எங்கோ நடக்கும் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கறியாகும் மைசூர்ப் பருப்பில் கணிசமான பங்கு கனடாவிலிருந்து கப்பலேறி வருவது. உலகிலேயே அதிகமாக அந்தப் பருப்பை ஏற்றுமதி செய்யும் நாடு கனடா; அதில் மிகப் பெரும்பகுதி சஸ்காட்சுவானில் விளைகிறது. பருப்புச் செடி முழங்கால் உயரம்கூட எட்டாது, இலை விரித்து நிலத்தை மூடவும் மூடாது. பருப்பு வயலில் கோஷியா தலைதூக்கினால், பயிர் நிற்கும்போதே அதைக் கொல்ல உருப்படியான மருந்து ஒன்றும் விவசாயி கையில் இல்லை. விதைப்பதற்கு முன் மண்ணில் இடும் மருந்தோடு ஆட்டம் முடிந்துவிடுகிறது. பருப்புக்கு மேலே பச்சைப் புதராகக் கோஷியா நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை.

இந்த நிலைக்கு விவசாயியின் கவனக்குறைவே காரணம் என்று சொல்வது எளிது. அது நியாயமும் அல்ல, உண்மையும் அல்ல. மருந்து கம்பெனிகளின் பேராசையே காரணம் என்று நிறுத்திக்கொள்வதும் பாதி உண்மைதான். களைகளைக் கொல்லும் திறன் என்பது டப்பாவில் மட்டும் இருப்பதில்லை. அந்த மருந்துக்குச் சாகக்கூடிய களை வயலில் இருக்கும்வரைதான் மருந்துக்கு மதிப்பு. களையின் அந்தப் பலவீனம் யாருக்கும் பட்டா போட்டுத் தரப்படாத ஒரு பொதுச் சொத்து. ஒவ்வொரு பண்ணையும் தன் கணக்குக்குச் சரியாகவே நடந்துகொண்டு, எல்லோருமாகச் சேர்ந்து அந்தச் சொத்தைச் செலவழித்துத் தீர்த்திருக்கிறார்கள். இதைப் பொதுவான முயற்சியும் பொதுப் பணமும்தான் சரிசெய்ய முடியும்; அடுத்த மருந்தால் முடியாது என்பதே என் வாதம்.

கிளைபோசேட் என்றதும் நம் வாசகர்களுக்குப் புற்றுநோய் வழக்குகளும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-ல் அதைப் ‘புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது’ என்று வகைப்படுத்தியதும், கனடாவின் ஒழுங்குமுறை அமைப்பு 2017-ல் அதற்கு மீண்டும் அனுமதி தந்ததும் நினைவுக்கு வரலாம். அது தனியாக, விரிவாகப் பேச வேண்டிய விஷயம். இங்கே பேசுவது வேறு: நாளைக்கே அந்த மருந்து முற்றிலும் தீங்கற்றது என்று நிரூபணமானாலும், அது வேலை செய்யாமல் போவது நிற்காது.

பிரெய்ரி எனப்படும் இந்தச் சமவெளியின் விவசாயி ஏன் மருந்தை இவ்வளவு நம்பினார் என்று புரிய, 1930-களுக்குப் போக வேண்டும். 1857-ல் பயணம் தொடங்கிய ஜான் பாலிசர், இந்தச் சமவெளியின் தெற்கிலுள்ள வறண்ட முக்கோணம் சாகுபடிக்குத் தகாது என்று எழுதிவிட்டுப் போனார். பிறகு ரயில் வந்தது, குடியேறிகள் வந்தார்கள், உழுதார்கள். மழை குறைவான அந்த மண்ணில் ஓராண்டு விளைவித்து, ஓராண்டு தரிசு போட்டு ஈரம் சேர்ப்பது வழக்கம். தரிசு என்றால் சும்மா விடுவதல்ல. களை முளைக்க முளைக்கக் கோடை முழுவதும் உழுதுகொண்டே இருப்பது. மண் மாவாகிப் போனது. வறட்சியும் காற்றும் சேர்ந்து வந்தபோது அந்த மண் எழுந்து வானத்தை மறைத்தது. பண்ணைகள் காலியாகின. 1935-ல் கனடா அரசு மண்ணை மீட்கவென்றே தனி அமைப்பு ஏற்படுத்த வேண்டியிருந்தது. நோபிள்ஃபோர்ட் ஊரின் விவசாயி சார்லஸ் நோபிள், மண்ணைப் புரட்டாமல் அடியில் புகுந்து களையின் வேரை மட்டும் அறுக்கும் அகலக் கத்திக் கலப்பையை உருவாக்கியதும் அந்தக் காலத்தில்தான்.

உழவே இல்லாமல் விதைக்கலாம் என்ற நிலை வந்தது 1980-களிலும் 90-களிலும். பழைய தாளடியைக் கிளறாமல், காற்றழுத்தத்தில் விதையையும் உரத்தையும் ஒரே ஓட்டத்தில் மண்ணுக்குள் செலுத்தும் இயந்திரங்களைச் சஸ்காட்சுவான் பட்டறைகளே செய்து உலகுக்கு விற்றன. அந்த முறைக்கு உயிர்நாடி கிளைபோசேட். 1974-ல் சந்தைக்கு வந்த அந்த மருந்து, விலை குறையக் குறைய உழவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. விதைப்புக்கு முன் ஒரு தெளிப்பு, கலப்பை தேவையில்லை. தரிசு நிலத்தின் பரப்பு ஆண்டுக்காண்டு சுருங்கியது. மண்ணில் கரிமம் ஏறியது, ஈரம் தங்கியது, முன்பு வெறுமையாகக் கிடந்த நிலத்தில் பருப்பும் பட்டாணியும் வந்தன. இது உண்மையான சாதனை. ‘மருந்து தோற்றால் திரும்பக் கலப்பையை எடுங்கள்’ என்று தூரத்திலிருந்து சொல்பவர்கள், அந்த மண் ஒருமுறை பறந்து போனதை மறந்து பேசுகிறார்கள். சிறிய களைத்திட்டு ஒன்றை மட்டும் உழுது அழிப்பது வேறு. ஆயிரம் ஏக்கரை ஆண்டுக்கு நான்கு முறை கிளறுவது வேறு.

களை மருந்துக்குப் ‘பழகிவிட்டது’ என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். எந்தச் செடியும் தன் வாழ்நாளில் பழகிக்கொள்வதில்லை. கோடிக்கணக்கான செடிகளில் ஏதோ ஒன்றிரண்டில், மருந்து தெளிக்கப்படுவதற்கு முன்பே, ஒரு சிறு மாறுதல் இருக்கிறது. மருந்து மற்ற எல்லாவற்றையும் கொன்று, அந்த ஒன்றிரண்டுக்கு வயல் முழுவதையும் காலிசெய்து கொடுக்கிறது. இரண்டாம் குழு மருந்துகள் 1982-ல் விற்பனைக்கு வந்தன. ஐந்தே ஆண்டில் அமெரிக்காவில் அவற்றுக்குச் சாகாத களை கண்டுபிடிக்கப்பட்டது. அந்த மருந்து தாக்கும் நொதியில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே போதும், பூட்டுக்குள் சாவி நுழையாது. கோஷியா கிளைபோசேட்டை ஏமாற்றும் விதம் வேறு. மருந்து எந்த நொதியை முடக்குகிறதோ, அந்த நொதிக்கான மரபணுவை அது பல பிரதிகள் எடுத்து வைத்துக்கொள்கிறது. தெளிக்கும் அளவு சிலவற்றை முடக்கும். மிச்சம் இருப்பவை செடியைக் காப்பாற்றிவிடும். கோஷியா அயல் மகரந்தச் சேர்க்கையிலும் கலப்பதால், அந்தக் குணம் மகரந்தத்தோடும் பறக்கிறது, உருளும் செடியோடும் போகிறது.

காட்டு ஓட்ஸின் வழி இன்னும் கவலை தருவது. குடியேறிகளின் விதை மூட்டையோடு வந்து சேர்ந்த இந்தப் புல், பிரெய்ரியின் பழைய எதிரி. ஒன்றாம் குழு மருந்துகளுக்குச் சாகாத காட்டு ஓட்ஸ் 1990-ல் மனிடோபாவில் உறுதியானது. அதன் சில வகைகள் உள்ளே போன மருந்தைத் தம் நொதிகளாலேயே சிதைத்துச் செரித்துவிடுகின்றன. இப்படிச் செரிக்கத் தெரிந்த செடி, அந்த வயலில் ஒருமுறைகூடத் தெளிக்கப்படாத வேறொரு மருந்தையும் தாங்கிவிடலாம். அப்படியானால், ‘இந்த ஆண்டு ஒரு குழு, அடுத்த ஆண்டு வேறு குழு’ என்று மருந்தை மாற்றி மாற்றி அடிக்கச் சொல்லும் வழக்கமான ஆலோசனைக்கு என்ன பொருள்? ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடிப்பது சற்று நன்மை தரும். ஆனால், அதுவும் தள்ளிப்போடும் வேலையே. காட்டு ஓட்ஸின் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். தவறு செய்த ஆண்டுக்கான வட்டியை அது நிதானமாக வசூலிக்கும்.

கோதுமையில் காட்டு ஓட்ஸுக்கு மருந்து தோற்றபோது, விவசாயிகள் ஒதுங்கிய இடம் கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிர். 1990-களின் நடுவில் வந்த களைக்கொல்லி தாங்கும் கனோலா வகைகள் சிலவற்றில் கிளைபோசேட்டைப் பயிர் மேலேயே தெளிக்கலாம். கோதுமையில் தப்பிய காட்டு ஓட்ஸைக் கனோலா ஆண்டில் கொன்றுவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு பலித்தது. கனோலாவுக்கு விலையும் நன்றாக இருந்தது. கோதுமை, கனோலா, கோதுமை, கனோலா என்று இரண்டு கால்களில் மட்டுமே நடக்கும் சுழற்சி சமவெளி முழுவதும் பரவி, கனோலாவின் பரப்பு 2 கோடி ஏக்கரைத் தாண்டியது. விளைவு: விதைப்புக்கு முன் கிளைபோசேட், கனோலாவுக்குள் கிளைபோசேட், அறுவடைக்கு முன் கிளைபோசேட், அறுவடைக்குப் பின்னும் கிளைபோசேட். மற்ற மருந்துகள் தோற்கத் தோற்க, மிச்சமிருந்த ஒன்றின் மீது பாரம் ஏறிக்கொண்டே போயிற்று.

அடுத்த மருந்து எப்போது வரும்? இந்தக் கேள்வியைக் கேட்காத விவசாயக் கூட்டம் இராது. அகலப் பரப்பில் விளையும் தானியங்களுக்கு, 1980-களுக்குப் பிறகு முற்றிலும் புதிய முறையில் களையைக் கொல்லும் மருந்து எதுவும் பெரிய அளவில் வரவில்லை. ஒன்றிரண்டு புதியவை அண்மையில் தலைகாட்டுகின்றன. அவையும் ஒரு சில பயிர்களுக்கு. கிளைபோசேட் தாங்கும் பயிர்கள் பரவியதும், வேறு களைக்கொல்லிகளின் சந்தை மதிப்பு சரிந்தது. மலிவாக எல்லாவற்றையும் கொல்லும் ஒன்று இருக்கும்போது புதியதைத் தேடிக் காசு செலவழிக்க நிறுவனங்களுக்கு ஆர்வம் இல்லை. ‘புதியது’ என்ற பெயரில் கடைக்கு வருபவை பெரும்பாலும் பழைய மருந்துகளின் புதுக் கலவைகள். கோஷியாவுக்குக் கடைசி அரணாகப் பார்க்கப்பட்ட பதினான்காம் குழு மருந்துகளுக்கும் சாகாத செடிகள் 2020-களின் தொடக்கத்தில் சஸ்காட்சுவானில் கண்டறியப்பட்டன. புதிய மருந்தே வந்தாலும், அதை இன்றைய வழக்கப்படிப் பயன்படுத்தினால் அதுவும் பத்தாண்டு தாங்காது.

மருந்தைக் குறைத்துக் களையை அடக்க வழி இருக்கிறதா? இருக்கிறது. அதைச் செய்து காட்டியவர்கள் கனடாவின் பொதுத்துறை விஞ்ஞானிகள். லகோம் ஆராய்ச்சி மையத்தின் நீல் ஹார்க்கரும் அவரது குழுவினரும் 2010-ல் தொடங்கி ஐந்து ஆண்டுகள், எட்டு இடங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பக்கம் வழக்கமான கனோலா–கோதுமைச் சுழற்சி, காட்டு ஓட்ஸுக்கு முழு அளவு மருந்து. இன்னொரு பக்கம் மூன்று ஆண்டுகளுக்குக் காட்டு ஓட்ஸ் மருந்தே இல்லை. அதற்குப் பதிலாகப் பயிரைக் கொண்டே களையை நெருக்கினார்கள். பார்லியை வழக்கத்தைப்போல இரு மடங்கு விதைத்து, காட்டு ஓட்ஸ் விதை முற்றுவதற்குள் சைலேஜ் தீவனமாக அறுத்தார்கள். இலையுதிர்காலத்தில் விதைத்து, பனிக்கடியில் உறங்கி, வசந்தத்தில் களைக்கு முன்பே எழுந்து நிற்கும் குளிர்காலத் தானியங்களையும் இரு மடங்கு விதைத்தார்கள். சில பாத்திகளில் மூன்று ஆண்டுகள் குதிரைமசால் நின்றது.

முடிவில், மருந்தில்லாமல் நெருக்கிய பாத்திகளில் காட்டு ஓட்ஸின் எண்ணிக்கையும், மண்ணில் கிடந்த அதன் விதை இருப்பும், பிறகு விதைத்த கனோலாவின் விளைச்சலும் பெரும்பாலான இடங்களில் முழு மருந்துப் பாத்திகளுக்கு ஒப்பாகவே இருந்தன. இந்த முடிவை நான் எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. முப்பது ஆண்டுகளாக முதன்மைக் கருவியாக இருந்த ஒன்றை மூன்று ஆண்டுகள் கீழே வைத்துவிட்டு, அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அதிலும் மாயம் எதுவும் இல்லை: அதிக விதை, வேறு வேறு காலத்தில் விதைப்பு, வேறு வேறு காலத்தில் அறுப்பு. ஒரே வகையான வாழ்க்கைச் சுழற்சிக்குத் தன்னைப் பொருத்திக்கொண்ட களைக்கு ஒவ்வோர் ஆண்டும் காலடியில் தரை நகர்கிறது.

அப்படியிருந்தும் சமவெளி ஏன் இப்படி மாறவில்லை? சைலேஜ் தின்ன மாடு வேண்டும்; ஈரம் நிறைந்த சைலேஜை ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டர் போக முடியாது. பண்ணைகள் ஒற்றைத் தொழிலுக்கு மாறி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. குளிர்காலக் கோதுமை விதைக்க வேண்டிய வாரங்களில், கம்பைன் இன்னும் கனோலாவை அறுத்துக்கொண்டிருக்கிறது. சஸ்காட்சுவானில் ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு 1,700 ஏக்கருக்கும் மேல். உறைபனி இல்லாத நாட்கள் நூற்றுச் சொச்சம். விதை இரு மடங்கு என்றால் அந்தச் செலவு இந்த வசந்தத்திலேயே கையைக் கடிக்கும். பலன் நான்காம் ஆண்டு வரும். அந்த நான்காம் ஆண்டில் நிலம் தன் கையில் இருக்குமா என்பதே பலருக்கு நிச்சயமில்லை. கனடாவின் விவசாய நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சொந்த நிலம் அல்ல, குத்தகையும் வாடகையுமாக எடுத்தது. மூன்றாண்டுக் குத்தகைக்காரர் அடுத்த குத்தகைக்காரருக்காக மண்ணிலுள்ள விதை இருப்பைக் குறைத்துத் தருவார் என்று எதிர்பார்ப்பது எப்படி?

பிறகு சந்தை. பயிர்ச் சுழற்சியைத் தீர்மானிப்பது வேளாண் அறிவு மட்டுமல்ல. 2017 நவம்பரில் இந்தியா மஞ்சள் பட்டாணிக்கு 50 சதவீத இறக்குமதி வரி போட்டது. அடுத்த மாதமே மைசூர்ப் பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் 30 சதவீதம். தன் விவசாயிகளைக் காப்பதற்காக எடுத்த முடிவு அது. அதை நான் குறைசொல்ல வரவில்லை. ஆனால், அதன் அதிர்வு சஸ்காட்சுவான் வயல்கள்வரை போயிற்று. பருப்பு, பட்டாணியின் பரப்பு சுருங்கியது; அந்த நிலத்துக்கு விலை கிடைக்கும் வேறு பயிர் வேண்டியிருந்தது. மூன்றாவது பயிர், நான்காவது பயிர் என்று சுழற்சியை அகலப்படுத்தச் சொல்லும் விஞ்ஞானிக்கு, அந்தப் பயிரை யார் வாங்குவார் என்ற விவசாயியின் கேள்விக்குப் பதில் சொல்ல முடிவதில்லை.

ஓர் ஏரியின் ஆயக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கரையைப் பலப்படுத்துவதும் வரத்துக்காலைத் தூர்வாருவதும் எல்லோருக்கும் நன்மை; தனி ஒருவர் தன் செலவில் செய்தால் அவருக்கு மட்டும் நஷ்டம். அதனால்தான் அதைத் தனியார் பொறுப்பில் விடாமல், ஊர்முறையாக, வீட்டுக்கு ஓர் ஆள் என்று வைத்தார்கள். களையின் பலவீனம் என்ற பொதுச் சொத்துக்குப் பிரெய்ரியில் அப்படி ஒரு முறை இல்லை. 2012 முதல் 2017 வரை மூன்று மாகாணங்களிலும் ஹியூ பெக்கி உள்ளிட்ட விஞ்ஞானிகள் எடுத்த கணக்கில், மருந்துக்குச் சாகாத களைகளால் விவசாயிகளுக்கு ஆகும் இழப்பு ஆண்டுக்கு 53 கோடி கனடா டாலர் என்று மதிப்பிடப்பட்டது. அந்தத் தொகை ஆயிரக்கணக்கான பண்ணைகளில் கூடுதல் மருந்துச் செலவாகவும் குறைந்த மகசூலாகவும் சிதறிக் கிடக்கிறது. யாருடைய வரவுசெலவிலும் தனி வரியாக அது எழுதப்படுவதில்லை. அதனால்தான் யாரும் அலறுவதில்லை.

பொதுவாகச் செயல்பட முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. அங்கே ரைகிராஸ் என்ற புல் ஏறக்குறைய எல்லாக் குழு மருந்துகளையும் தாண்டிவிட்டது. கிளைபோசேட்டுக்குச் சாகாத களை உலகில் முதன்முதலாக 1996-ல் பதிவானதும் அங்கேதான். தப்பிக்க இடமில்லாத நிலையில், அந்த விவசாயிகள் அறுவடை இயந்திரத்தின் வால்பக்கத்தைப் பார்த்தார்கள். களை விதை பயிரோடு சேர்ந்து இயந்திரத்துக்குள் போய், பதரோடு வெளியே வந்து வயல் முழுக்கத் தூவப்படுகிறது. ஆண்டுதோறும் தாங்களே களை விதைத்துக்கொண்டிருக்கிறோம் என்று கண்டுகொண்டார்கள். பதரை வண்டியில் பிடித்தார்கள், ஒற்றை வரிசையில் கொட்டி மக்கவிட்டார்கள், எரித்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் டார்க்கன் ஊர் விவசாயி ரே ஹாரிங்டன், பதரிலுள்ள விதையை அரைத்து நொறுக்கும் இயந்திரத்தையே உருவாக்கினார். 2014-ல் எடுத்த ஆய்வில் ஆஸ்திரேலியத் தானிய விவசாயிகளில் 43 சதவீதம் பேர் இத்தகைய முறைகளில் ஏதோ ஒன்றைக் கையாண்டார்கள். விளைபொருள் மதிப்பில் ஏறக்குறைய 1 சதவீதத்தை ஒவ்வொரு விவசாயியும் ஆராய்ச்சி வரியாகச் செலுத்துகிறார்; அரசும் தன் பங்கைச் சேர்க்கிறது. அந்தப் பணத்தில்தான் இந்த அறிவு பண்ணை பண்ணையாகப் போய்ச் சேர்ந்தது.

அந்த இயந்திரத்தை அப்படியே இறக்கிவிட்டால் பிரெய்ரியில் வேலை முடிந்துவிடாது. ஆல்பர்ட்டாவில் அதைச் சோதித்தவர்கள் முக்கியமான ஒரு தடையைச் சொல்கிறார்கள். கோதுமை அறுவடைக்கு முன்பே காட்டு ஓட்ஸ் தன் விதையில் பெரும்பகுதியை உதிர்த்துவிடுகிறது; கம்பைன் வரும்போது அரைக்க அதிகம் மிஞ்சியிருக்காது. கோஷியா அப்படியில்லை, அறுவடைவரை விதையைப் பிடித்து வைத்திருக்கும். ஒவ்வொரு களைக்கும் அதனதன் குணத்தைப் படித்துத்தான் ஆயுதம் எடுக்க வேண்டும். கேமராவால் களையை அடையாளம் கண்டு அதன் மீது மட்டும் தெளிக்கும் கருவிகள் இப்போது பெரிதாகப் பேசப்படுகின்றன. செலவையும் மருந்தின் அளவையும் அவை நன்றாகவே குறைக்கும். ஆனால், தெளிக்கப்படும் களைகளில் எது பிழைக்கிறது என்ற தேர்வு அப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கும்.

இந்தியாவுக்கு இந்தக் கதை புதிதல்ல. பஞ்சாப், ஹரியாணாவின் கோதுமை வயல்களில் ‘குல்லி டண்டா’ என்று வடக்கே அழைக்கும் புல், ஐசோப்ரோடியூரான் மருந்தைத் தாண்டி நின்றது 1990-களின் தொடக்கத்தில். நெல்லும் கோதுமையுமாக அங்கேயும் இரண்டே கால்கள். இப்போது நீர் குறைவு, ஆள் தட்டுப்பாடு காரணமாக நேரடி நெல் விதைப்பு ஊக்குவிக்கப்படுகிறது. அதற்குத் துணையாக, இமாசெதாபிர் தாங்கும் பாஸ்மதி வகைகள் இரண்டை இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 2021-ல் வெளியிட்டது. இமாசெதாபிர் இரண்டாம் குழு மருந்து. பிரெய்ரியில் கோஷியாவிடம் 1988-லேயே தோற்ற அதே குழு. நெல்லுக்கு நெருங்கிய உறவான களைநெல்லோடு மகரந்தம் கலந்தால், தாங்கும் குணம் களைக்கே போய்ச் சேரும் ஆபத்தும் இருக்கிறது. விதை வகையை வெளியிடும் அதே நாளில், எத்தனை பருவம் தொடர்ந்து பயிரிடலாம், வரப்பில் தப்பிய செடியை யார் சோதிப்பார் என்ற விதிகளையும் வெளியிட்டு, அவற்றை நடைமுறைப்படுத்த ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும். களை எடுக்க ஆள் கிடைக்காத தஞ்சை, திருவாரூர் விவசாயிகளும் நாளை இத்தகைய விதையைத் தேடிப் போகலாம். அவர்கள் கையில் விதைப்பையோடு அந்த விதிகளும் சேர்ந்து போக வேண்டும்.

பிரெய்ரிக்குத் திரும்பினால், கோஷியாவிடம் ஒரு பெரிய பலவீனம் இருக்கிறது. அது எந்த மருந்தையும் சார்ந்தது அல்ல. அதன் விதை மண்ணில் பெரும்பாலும் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு மட்டுமே உயிரோடு இருக்கும். காட்டு ஓட்ஸைப்போல நீண்ட நாள் உறங்காது. இரண்டு ஆண்டுகள் ஒரு செடியும் விதை விடாமல் பார்த்துக்கொண்டால், அந்த வயலில் கோஷியாவின் கணக்கு ஏறக்குறைய தீர்ந்துவிடும். ஆனால், பக்கத்து வயலிலிருந்து உருண்டு வருமே. ஆகவே, தனி ஒருவர் இதைச் செய்து பயனில்லை. ஒரு வட்டாரம் முழுவதும் ஒரே இரண்டு ஆண்டுகளைக் குறித்துக்கொண்டு செய்ய வேண்டும். எங்கே தொடங்குவது என்பதும் தெரிந்ததே. கோஷியா உப்பைத் தாங்கும். குட்டை ஓரங்களில் உப்புப் பூத்த திட்டுகளிலும், சாலையோரப் பள்ளங்களிலும், எண்ணெய்க் கிணறுகளைச் சுற்றிய வெற்றிடங்களிலும் அது கூடாரம் அடிக்கிறது. உப்புத் திட்டில் கனோலா விதைப்பது விதைக்கும் உரத்துக்கும் கேடு. அங்கே பயிர் வராது, கோஷியா வரும். ஸ்விஃப்ட் கரன்ட் ஆராய்ச்சி மையம் உருவாக்கிய ‘ஏசி சால்ட்லேண்டர்’ என்ற உப்பு தாங்கும் பல்லாண்டுப் புல் இருக்கிறது. அதை அந்தத் திட்டுகளில் போட்டு மூடினால், கோஷியாவுக்கு நிற்க இடம் இராது.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். குளிர்காலக் கோதுமை வயலில் வாத்துகள் கூடு கட்டும் என்பதற்காக, டக்ஸ் அன்லிமிடெட் கனடா என்ற தன்னார்வ அமைப்பு அந்தப் பயிரைப் பரப்பப் பல ஆண்டுகளாக விவசாயிகளுக்கு ஊக்கம் அளித்துவருகிறது. அதே பயிர் காட்டு ஓட்ஸை நெருக்குகிறது, கோஷியாவையும் நெருக்குகிறது. வாத்துக்குக் கிடைக்கும் ஆதரவு, 53 கோடி டாலர் இழப்பைத் தடுக்கும் பயிருக்கு அரசிடமிருந்தும் கிடைக்க வேண்டும். மாகாணங்களின் பயிர்க் காப்பீட்டு நிறுவனங்கள், சுழற்சியை அகலப்படுத்தும் பண்ணைக்குப் பிரீமியத்தைக் குறைக்கலாம். பரிசோதனைச் சாலைக்குக் களை விதை அனுப்பும் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளலாம். நில உரிமையாளர்கள் குத்தகைப் பத்திரத்தில் ஆறு ஆண்டுக் கெடுவும், மருந்துக்குச் சாகாத களை இருந்தால் அதை மறைக்காமல் தெரிவிக்கும் விதியும் சேர்க்கலாம். சாலையோரப் பள்ளங்கள் ஊராட்சிகளுக்குச் சொந்தம். எண்ணெய்க் கிணற்று மனைகளின் பொறுப்பு எண்ணெய் நிறுவனங்களுக்கு. அந்த இடங்களில் புல் போடும் வேலையை அவர்களிடமிருந்தே தொடங்கலாம். வசந்தத்தில் மிகச் சீக்கிரமே முளைத்துவிடுவது கோஷியா என்பதால், புல் விதையை அதற்கு முந்தைய இலையுதிர்காலத்தின் கடைசியில், நிலம் உறைவதற்குச் சற்று முன் போட்டுவிட வேண்டும்.